திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா என்பது என்ன?

அமைச்சராக இல்லாத நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் தாமே முன்மொழியும் சட்ட வரைவே தனிநபர் மசோதா. வெள்ளிக்கிழமை பிற்பகலில் மட்டுமே இதற்கு நேரம் ஒதுக்கப்படுவதாலும், பெரும்பான்மை பெரும்பாலும் அரசின் கையில் இருப்பதாலும், 1970-க்குப் பின் இவற்றில் ஒன்றுகூடச் சட்டமானதில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நிர்வாகிகளின் தீர்மானங்கள் முடிந்தபின் எடுக்கப்படும் சாதாரண உறுப்பினரின் கோரிக்கையைப் போன்றது இது.

1996-இல் புதுக்கோட்டையிலிருந்து மக்களவைக்கும், பின்னர் மாநிலங்களவைக்கும் சென்ற திமுகவின் திருச்சி சிவா, திருநர் உரிமைகளுக்காகக் கொண்டுவந்த மசோதா, 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் ஒருமனதாக நிறைவேறியது. திரும்பப் பெறுமாறு அரசுத் தரப்பு கேட்டும் அவர் இசையாமல் நின்றதே இதில் முக்கியமானது என்பேன். மக்களவையில் அது நிறைவேறவில்லை.

2019-ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம் இவருடைய மசோதாதான் என்று பலர் எண்ணுகின்றனர். அது அரசு தனியே கொண்டுவந்தது, சிவா கேட்ட 2 சதவீத இடஒதுக்கீடு அதில் இல்லை.