படைத்த புக்கையை அவர்கள் ஏன் வாங்கவில்லை?

கேள்வி: தைப்பொங்கலன்று என் மகளின் தோழி வீட்டுக்குச் சர்க்கரைப் புக்கை கொண்டுபோனேன். முஸ்லிம் குடும்பம். "படைத்ததா?" என்று அந்தத் தாய் கேட்டார். ஓம் என்றதும், "குறை நினைக்க வேண்டாம், படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை" என்றார். பெருநாளுக்கு அவர்கள் தந்த வட்டிலப்பத்தை நாங்கள் ஆசையாகச் சாப்பிட்டோமே! மனம் நொந்துவிட்டது. இப்போது மகள் துளைத்தெடுக்கிறாள். அல்லாஹ் வேறு கடவுளா? மக்காவில் அவர்களும் ஒரு கல்லைத்தானே கும்பிடுகிறார்கள்? எங்கள் சாமிகளைக் கேவலமாக நினைக்கிறார்களா? என்ன சொல்வதென்று தெரியவில்லை.
- ஒரு தாய், கொக்குவில்

பதில்: அன்புச் சகோதரி, விடியவே எழும்பி, கோலம் போட்டு, பொங்கி, சூடு ஆறுமுன் கொண்டுபோனது திரும்பி வந்தால் யாருக்கும் வலிக்கும். ஆனால் அந்தத் தாய்க்கு உங்கள் மேல் ஒரு விலக்கமும் இல்லை. படையல் என்பதுதான் காரணம்.

இஸ்லாத்தின் அடித்தளம் ஒரே நம்பிக்கை: இறைவன் ஒருவன், வணக்கம் அவனுக்கு மட்டுமே. குர்ஆனின் 112ஆவது அத்தியாயம் நான்கே வசனங்களில் இதைச் சொல்லி முடிக்கிறது. அவன் ஒருவன், யாரிடமும் தேவையற்றவன், யாரையும் பெறவில்லை, யாருக்கும் பிறக்கவில்லை, அவனுக்கு நிகர் எவருமில்லை. தொழுகை, நேர்ச்சை, படையல் எல்லாம் வணக்கத்துக்குள் அடங்குவதால், வேறொரு பெயரில் படைத்ததில் பங்கெடுக்க முஸ்லிம்கள் தயங்குவார்கள். அல்லாஹ் அல்லாத பெயர் கூறப்பட்டதை உண்ணாதீர்கள் என்று 2:173 வசனம் சொல்கிறது. அது முதன்மையாக அறுக்கப்படும் பிராணிகளைப் பற்றியது. ஆனாலும் சோறு, பலகாரம் என்றாலும் படைத்திருந்தால் பேணுதலாக ஒதுங்கிக்கொள்ளும் குடும்பங்கள் நிறைய உண்டு.

வட்டிலப்பம் எந்தப் படையலும் அல்ல, பெருநாள் சாப்பாடு. அதனால்தான் உங்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. சைவச் சாப்பாட்டில் அவர்களுக்கு எந்தத் தடையும் கிடையாது. அடுத்த முறை படைக்கமுன் ஒரு சின்னச் சட்டியில் தனியாக எடுத்து வைத்து, "இது படைக்காதது" என்று சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். அந்தத் தாய் மழுப்பாமல் நேராகச் சொன்னதை நான் மதிக்கிறேன். வாங்கி வைத்துவிட்டுப் பின்னால் கொட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒன்றையும் மறந்துவிடக் கூடாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கையில் கிடைத்ததோடு போனவர்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தில் அகதிகளானார்கள். போர் முடிந்த பிறகுதான் ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். இடையில் இங்கே ஒரு தலைமுறை முஸ்லிம் அயலவர் இல்லாமலே வளர்ந்துவிட்டது. உங்கள் மகளுக்கு இத்தனை கேள்வி வருவதில் வியப்பில்லை, அதற்காக அவளை அதட்டாதீர்கள்.

சரி, மக்காவில் இருக்கும் கஃபா என்ற கட்டடத்துக்கு வருவோம். அது தொழும்போது முகம் திருப்பும் திசை. இங்கிருந்து மேற்கே, சற்று வடக்குப் பக்கமாக. தொடக்கத்தில் முஸ்லிம்கள் ஜெருசலேமை நோக்கித்தான் தொழுதார்கள். நபிகள் மதீனாவுக்குப் போய் ஒன்றரை வருடமளவில், 624இல், அது மக்காவை நோக்கி மாறியது. மகள் கேட்கும் கல், கஃபாவின் மூலையில் பதித்த கறுப்புக் கல். அதை முத்தமிடும்போது, நபிக்குப் பின் முஸ்லிம்களுக்குத் தலைமை தாங்கிய கலீஃபாக்களில் ஒருவரான உமர், "நீ வெறும் கல், உன்னால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. நபி முத்தமிட்டதைப் பார்க்காவிட்டால் நானும் முத்தமிட்டிருக்க மாட்டேன்" என்றது ஹதீஸ் எனும் நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது.

முஹம்மது நபியையும் முஸ்லிம்கள் வணங்குவதில்லை. 632இல் அவர் இறந்தபோது கலங்கி நின்ற மக்களிடம் அவருடைய நெருங்கிய தோழர் அபூபக்கர், "முஹம்மதை வணங்கியவர்கள் அறியட்டும், அவர் இறந்துவிட்டார். அல்லாஹ்வை வணங்குபவர்கள் அறியட்டும், அவன் என்றும் இருப்பவன்" என்றார். யேசுவை ஈஸா நபி என்று ஏற்கிறார்கள், ஆனால் கடவுளின் மகனாக அல்ல. அவருடைய தாய் மர்யமின் பெயரில் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது.

அல்லாஹ் முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய கடவுளா என்றால், இல்லை. குர்ஆனின் முதல் அத்தியாயமே அவனை அகிலங்கள் அனைத்தின் இறைவன் என்கிறது. மகளையும் அவளுடைய தோழியையும் படைத்தவன் அவனே என்பதுதான் அவர்கள் நம்பிக்கை. சைவ நம்பிக்கையும் அதுவும் ஒன்றுதான் என்று நான் பூசி மெழுக மாட்டேன், உருவ வழிபாட்டை இஸ்லாம் ஏற்பதில்லை. ஆனால் மற்றவர்கள் அழைத்து வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்று 6:108 வசனம் முஸ்லிம்களுக்கே கட்டளையிடுகிறது. உங்கள் சாமியை யாராவது முஸ்லிம் இழிவாகக் கதைத்தால், அவர் தன் வேதத்தை மீறித்தான் கதைக்கிறார். மகளிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.