வாசகர் கேள்வி பதில்: பாட்டியின் பச்சைப் போத்தல் எந்த ஊர்க் கண்ணாடி?

கேள்வி: துறைமுகத்தில் வேலை பார்த்த என் தாத்தா, கப்பல்காரர் ஒருவர் தந்ததாகச் சொல்லி 1960-களில் பாட்டியிடம் கொடுத்த உயரமான பச்சைக் கண்ணாடிப் போத்தல் எங்கள் வீட்டில் இருக்கிறது. உடல் முழுவதும் சாய்சதுரக் கட்டங்கள் புடைத்திருக்கின்றன. தீச்சுடர் போல நீண்ட கண்ணாடி மூடியும் உண்டு. அடியில் ஒட்டியுள்ள கிழிந்த தாளில் ‘இத்தாலி’ என்ற சொல் மட்டும் தெரிகிறது. பார்த்தவர்கள் எல்லாரும் முரானோ என்கிறார்கள். செய்தவர் யார் என்று அறிய வழி உண்டா?
– தெம்பனிஸ் வாசகி

பதில்: முதலில், அந்தத் தாளை நனைத்துவிடாதீர்கள். இத்தகைய அலங்காரப் போத்தல்களில் பெரும்பாலானவை கண்ணாடியில் பெயர் எதுவும் பொறிக்கப்படாமல், ஒரு தாள் ஒட்டியே விற்கப்பட்டவை. அது போய்விட்டால் போத்தலின் வாய்மொழியே போய்விடும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியை மட்டும் தட்டிவிட்டு, இன்றே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முரானோ, வெனிஸ் நகரத்தை ஒட்டிய தீவு. தீ விபத்துக்கு அஞ்சி 1291-இல் வெனிஸ் அரசு கண்ணாடி உலைகளை அங்கே மாற்றியதிலிருந்து அதன் புகழ் வளர்ந்தது. இத்தாலியக் கண்ணாடி என்றாலே அந்தப் பெயரைச் சொல்லிவிடும் பழக்கம் அதனால்தான் வந்தது. நீங்கள் சொல்லும் பச்சையும், அச்சில் ஊதிய சாய்சதுரக் கட்டமும், சுடர் மூடியும் எனக்கு வேறோர் ஊரையே காட்டுகின்றன: ஃபுளோரன்ஸ் அருகிலுள்ள எம்போலி. மணலில் கலந்த இரும்பு கண்ணாடிக்குப் பச்சை நிறம் தரும். அந்தப் பச்சைக் கண்ணாடியில் திராட்சை மதுவுக்கும் எண்ணெய்க்கும் குடுவைகள் செய்துவந்த அவ்வட்டாரத்துப் பட்டறைகள், 1950-களிலும் 60-களிலும் இப்படிப்பட்ட அலங்காரப் போத்தல்களை ஏராளமாகச் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பின. பல பட்டறைகள் ஒரே சாயலில் செய்ததாலும், ஒட்டுத்தாளில் சில வேளை விற்றவரின் பெயரே இருந்ததாலும், ‘எம்போலி வட்டாரம்’ என்று குறித்துக்கொள்வதே இப்போதைக்கு முறையானது.

சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017-இல் மூடப்படும்வரை, அங்கே விரிப்பில் கிடந்த ஒவ்வொரு போத்தலையும் கவிழ்த்துப் பார்ப்பது என் வழக்கம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அடிப்பாகத்தின் நடுவே கரடுமுரடான வட்டத் தழும்போ, அதைத் தேய்த்து மழுப்பிய பள்ளமோ இருந்தால், வாய்ப்பகுதியைச் சீராக்கும்போது போத்தலை ஓர் இரும்புக் கோலில் ஒட்டிப் பிடித்திருந்தார்கள் என்று பொருள். அடியில் எண் இருந்தால் அதை ஆண்டு என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலும் அது அச்சின் எண்ணாகவே இருக்கும். பிறகு சன்னல் வெளிச்சத்தில் போத்தலைச் சாய்த்து, பக்கவாட்டில் நகத்தை மேல்நோக்கி ஓட்டுங்கள். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு வாய் விளிம்புவரை ஏறினால் இயந்திரம் செய்தது. கழுத்திலேயே மறைந்தால் வாய் கையால் முடிக்கப்பட்டது. அலங்காரப் போத்தல்களை அண்மைக்காலம்வரை கையால் முடித்திருக்கிறார்கள் என்பதால், கைவேலை என்ற ஒன்றை வைத்து நூறாண்டுப் பழமை என்று சொல்லும் விற்பனையாளரை நான் நம்புவதில்லை. மூடியையும் உடலையும் வெள்ளைத் தாளின்மேல் அருகருகே வைத்துப் பாருங்கள். பச்சை சற்றே வேறுபட்டாலோ, கழுத்தில் மூடி ஆடினாலோ, அது பிற்பாடு சேர்ந்த மூடியாக இருக்கலாம்.

கேள்வி: கோலி உள்ள பழைய சோடா போத்தல் ஒன்று கிடைத்தது. நடுவில் பெரிய எழுத்திலும், அடிவிளிம்பில் பொடி எழுத்திலும் வெவ்வேறு பெயர்கள் உள்ளன. எது செய்தவர் பெயர்?
– ஈசூன் வாசகர்

பதில்: பெரும்பாலும் பொடி எழுத்துதான். நடுவில் பெரிதாகப் புடைத்திருப்பது சோடாவை நிரப்பி விற்ற நிறுவனத்தின் பெயர். 1883-இல் ஜான் ஃப்ரேசரும் டேவிட் சால்மர்ஸ் நீவும் சிங்கப்பூரில் சோடாத் தொழிலில் இறங்கினார்கள். அத்தகைய நிறுவனங்கள் போத்தலைக் கண்ணாடித் தொழிற்சாலைகளிடமிருந்து வாங்கியே நிரப்பின. கோலி அடைப்புக்கு ஆங்கிலேயரான ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்றார். வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள இரப்பர் வளையத்தில் இறுக்கும். அடிவிளிம்பில் ‘டான் ரைலண்ட்ஸ், பார்ன்ஸ்லி’ என்றிருந்தால், அது காட் அவர்களோடு கூட்டாகத் தொழில் செய்த ரைலண்ட்ஸ் குடும்பத்தின் யார்க்ஷயர் தொழிற்சாலையைக் குறிக்கும். எழுத்து தேய்ந்திருந்தால் மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலைப் படுக்கையாகத் தேயுங்கள். கண்ணுக்குத் தப்பும் எழுத்தும் தாளில் தெளிவாக எழும்.