நாங்கள் ஐந்து பேர், யாருமே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடியதில்லை. வேலூரில் எப்படித் தொடங்குவது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக (கேரக்டர்) மாறிப் பேசி, பகடை உருட்டி, எல்லோரும் சேர்ந்து ஒரு கதையை நகர்த்தும் விளையாட்டு. ஐந்து பேரும் வேலைக்குப் போகிறவர்கள், விதிப்புத்தகத்தைத் திறந்து பார்த்து மலைத்துப்போய் மூடிவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். மூடியது நல்லதுதான். முந்நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும் அந்தப் புத்தகத்தை எல்லோரும் படித்து முடித்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று இருந்தால் ஆரம்பிக்கவே மாட்டீர்கள். ஒருவர் கொஞ்சம் படித்தால் போதும்.

அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்வதுதான் முதல் வேலை. அவரை டன்ஜன் மாஸ்டர் என்பார்கள், சுருக்கமாக டிஎம். வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து பார்த்திருப்பீர்கள். திரைக்குப் பின்னால் ராஜா வேஷம் வந்து நிற்கும். கட்டியக்காரன் "யார், எந்த நாடு, எதற்கு வந்தீர்கள்" என்று கேட்கக் கேட்க, வேஷக்காரர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போவார். கட்டியக்காரன் இல்லாவிட்டால் கூத்து நகராது, ஆனால் கதை அவனுடையது இல்லை. டிஎம் வேலையும் அதுதான். இடத்தை வர்ணிப்பார், காவலாளி, கடைக்காரர், பூதம் எல்லாவற்றுக்கும் அவரே குரல் கொடுப்பார், மற்ற நால்வரையும் பார்த்து "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்பார். துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்பது கூத்து பார்க்கும் குழந்தைக்கும் தெரியும். இங்கே முடிவு டிஎம்முக்கே தெரியாது. அதனால் உங்களில் அதிகம் பேசுகிறவரை விட, அடுத்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறவரை டிஎம் ஆக்குங்கள்.

எங்கள் முதல் முயற்சி தோற்றுப்போனது. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடி, வெயில் இறங்கியதும் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஆளாளுக்குப் புதிதாகக் கேரக்டர் உருவாக்கலாம் என்றேன். கேரக்டர் மனிதரா வேறு இனமா, சண்டைவீரரா மந்திரவாதியா, என்ன மந்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கம் புரட்டி, இருட்டும்போது இரண்டு பேருக்குத்தான் கேரக்டர் ஷீட், அதாவது கேரக்டரின் விவரங்களை எழுதிவைக்கும் தாள், முடிந்திருந்தது. கதை தொடங்கவே இல்லை. வந்தவர்களில் ஒருவர் அதற்கப்புறம் வரவில்லை, அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். ஆகவே முதல் நாளுக்கு ஆயத்தமாக இருக்கும் கேரக்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் வந்த ஸ்டார்ட்டர் செட் என்ற புதியவர்களுக்கான பெட்டியில் அப்படி ஐந்து இருந்தன. இணையத்திலும் இலவசமாக நிறையக் கிடைக்கின்றன. சண்டைவீரர், திருடர், மந்திரவாதி, குணப்படுத்தும் பூசாரி என்று நால்வருக்கு நான்கு போதும்.

எந்தப் பதிப்பு என்ற குழப்பம் வரும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இந்த விளையாட்டை 1974இல் வெளியிட்டார்கள். இப்போது பெரும்பாலோர் விளையாடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு, அல்லது 2024இல் அதைத் திருத்தி வெளியிட்டது. எதை எடுத்தாலும் சரி, இரண்டையும் கலக்காதீர்கள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை 2023இல் யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள், பைசா செலவில்லாமல் தொடங்கலாம்.

அதிலும் முதல் நாளுக்கு ஒரே ஒரு விதி தெரிந்தால் போதும். ஒருவர் ஏதாவது செய்யப் பார்க்கிறார், அது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் என்றால் இருபது முகப் பகடையை உருட்டுவார். விழுந்த எண்ணோடு தன் கேரக்டரின் திறமைக்கான எண்ணைக் கூட்டுவார். டிஎம் மனதில் வைத்திருக்கும் இலக்கைத் தொட்டால் காரியம் நடக்கும். சுலபமான வேலைக்கு இலக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கஷ்டமானதுக்கு 20. சண்டையிலும் இதே கணக்குத்தான், எதிரியை அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று காட்டும் கவச எண் இலக்காகிறது. அடி பட்டால் எவ்வளவு சேதம் என்பதற்கு வேறு பகடைகள்: குத்துவாளுக்கு நாலு முகம், நீளவாளுக்கு எட்டு முகம். ஏழு பகடை கொண்ட செட் ஆன்லைனில் கிடைக்கும். வரும்வரை ஒன்றிலிருந்து இருபது வரை சீட்டு எழுதி ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கி எடுங்கள், எடுத்த சீட்டைத் திரும்பச் சொம்பிலேயே போட்டுவிட வேண்டும். மொபைல் ஆப்பும் உண்டு. ஆனால் தாயம் விழுந்தால் வீடே கத்துமே, அந்தச் சத்தம் எல்லோர் கண்முன்னால் விழும் பகடைக்குத்தான் வரும்.

இரண்டாம் முறை நான் நம்ம ஊர்க் கோட்டையையே களமாக வைத்தேன், பெயரை மட்டும் மாற்றி. சுற்றிலும் அகழி, தண்ணீரில் முதலை, உள்ளே போக ஒரே வாசல். எல்லோரும் சின்ன வயதிலிருந்து சுற்றிய இடம் என்பதால் வரைபடமே தேவைப்படவில்லை. வாசலில் ஒரு காவலாளி, உள்ளே விட மறுக்கிறான். சண்டை போடுவார்கள் என்று நினைத்து அதற்குத் தயாராக இருந்தேன். அத்தை பெண் நர்சிங் படிக்கிறாள், அவளுக்குப் பூசாரி கேரக்டர். அதுவரை "நான் இன்னா பண்ணணும்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவள், திடீரென்று "மாமா, அந்த ஆள் கண்ணு மஞ்சளா இருக்கா?" என்றாள். நான் அதை யோசித்திருக்கவே இல்லை. இருக்கிறது என்றேன். பரிசோதிக்கிறேன் என்றாள். இலக்கு 15. பகடையில் 11, அவள் கேரக்டருக்கு மருத்துவத்தில் 5, மொத்தம் 16. மாடியே அமைதியாகிவிட்டது. "உனக்குக் காமாலைப்பா. கீழாநெல்லி அரைச்சுத் தர்றேன், முதல்ல உட்காரு" என்று அவள் காவலாளியிடம் சொன்னாள். வாசல் திறந்தது. அன்றைக்கு ஒரு வாளும் உறையை விட்டு வெளியே வரவில்லை, யாருக்கும் எழுந்து போக மனசும் இல்லை.

அவள் அதை ஆங்கிலத்தில் சொல்லியிருக்க மாட்டாள் என்று நிச்சயமாகச் சொல்வேன். மந்திரங்களின் பெயர் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், பேச்சு வீட்டுத் தமிழில் நடக்கட்டும்.

தொடங்குவதற்கு முன் ஒரு பத்து நிமிஷம், யாருக்கு எது கதையில் வேண்டாம் என்று கேட்டுவிடுங்கள். எங்களில் ஒருவருக்குப் பாம்பு என்றாலே ஆகாது, அதனால் எங்கள் உலகத்தில் பாம்பு கிடையாது.

இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். கிழமையை நிரந்தரமாக்கிவிட்டு, ஒருவர் வராவிட்டாலும் விளையாடுங்கள், இல்லையென்றால் குழு மெல்லக் கலைந்துவிடும். எங்கள் மந்திரவாதிக்கு ஆஸ்பத்திரியில் ஞாயிறு ஷிப்ட் விழுந்தால், அவர் கேரக்டர் கோட்டை வாசலில் குதிரைகளுக்குக் காவல் இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். மூன்று வாரம் அப்படிக் காவல் இருந்துவிட்டு நான்காம் வாரம் வந்தவர், பாயில் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது அந்தக் குதிரைகளுக்கு என்ன பெயர் என்றுதான்.