கேட்டால் விதைத்தது ஆகாது

வாசகர் கேள்வி – பதில்: வளரிளம் பருவமும் தற்கொலை எண்ணமும்

பிளஸ் டூ படிக்கும் மகள், ‘நான் இல்லாமப் போனா உங்களுக்கெல்லாம் நிம்மதி’ என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள். நேராகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயம்.
– ஒரு தாய், மன்னார்குடி

கேட்பதால் எண்ணம் வராது. ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெளிவான விஷயம் இது. பல பிள்ளைகளுக்குக் கேட்டவுடன் பாரம் இறங்குகிறது. ‘சும்மா மிரட்டுறா’ என்று விட்டுவிடுவதில்தான் ஆபத்து.

மார்க் பற்றிச் சண்டை போட்ட கையோடு கேட்காதீர்கள், பாட்டி, தம்பி முன்னாலும் வேண்டாம். துணி மடிக்கும்போதோ வண்டியில் போகும்போதோ கேளுங்கள். முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டியிராத நேரத்தில் பிள்ளைகளுக்கு வாய் திறப்பது எளிது. ‘ரெண்டு தடவை அப்படிச் சொன்னே. செத்துப் போயிடணும்னு தோணுதா?’ என்றே கேட்கலாம். ‘அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே?’ என்று ஆரம்பித்தால் ‘இல்லம்மா’ என்ற பதிலை நீங்களே எடுத்துக் கொடுத்தது போல் ஆகும்.

‘ஆமாம்’ என்றால் பதறாமல் மேலும் கேளுங்கள். எப்படி என்று யோசித்திருக்கிறாளா? எப்போது என்று? அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா? முன்பு எப்போதாவது முயன்றாளா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ‘ஆம்’ வந்தாலும் அன்று இரவு அவளைத் தனியே விடாதீர்கள், அதே அறையில் படுங்கள். தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இலவசமாகவே பார்க்கலாம். என்ன செய்வதென்று புரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம்.

‘உனக்கு என்ன குறை வெச்சோம்?’ என்று கேட்காதீர்கள். ‘என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு’ என்பது அதைவிட மோசம். சத்தியம் செய்த பிள்ளை, எண்ணம் மறுபடி வந்தால் உங்களிடம் சொல்ல மாட்டாள்.

இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாகத்தான் வரும் என்றில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது, தூக்கம் தலைகீழாவது, பிரியமான பொருட்களை யாருக்காவது கொடுத்துவிடுவது, பல வாரத் தவிப்புக்குப் பின் காரணமில்லாமல் திடீரென்று அமைதியாவது, எல்லாமே கவனிக்க வேண்டியவை.

தோழி ஒருத்தி தன் கையைக் கீறிக்கொள்கிறாள். ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்கிறாள். சொன்னால் துரோகமா?
– பதினோராம் வகுப்பு மாணவி

இல்லை, சொல்லுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட ரகசியத்தை உங்கள் வயதில் தனியாகச் சுமக்கக் கூடாது. கீறிக்கொள்கிற எல்லோரும் சாக நினைப்பவர்கள் அல்ல. தாங்க முடியாத மனவலியை அப்படித் தணிக்கிறார்கள். ஆனாலும் பின்னாளில் தற்கொலை முயற்சிக்கான ஆபத்து அவர்களுக்குக் கூடுதல். ‘எனக்கு பயமா இருக்கு, மிஸ்கிட்ட சொல்லப் போறேன், நீயும் வா’ என்று அவளிடம் முதலில் சொல்லிவிட்டே போங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு நீங்களே பேசலாம்.

நாங்கள் விவசாயிகள். பூச்சிமருந்து வீட்டில் இல்லாமல் முடியாது. ஒளித்து வைத்தால் போதாதா? மனம் வைத்தவர் வேறு வழி தேடமாட்டாரா?
– ஒரு தந்தை, விருத்தாசலம்

நிறையப் பேர் தேடுவதில்லை. வளரிளம் வயதில் அந்த உந்துதல் அலை மாதிரி எழுந்து சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தணிகிறது. அந்த நேரத்தில் கையில் கிடைப்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. இலங்கையில் 1995 வாக்கில் தற்கொலை விகிதம் உச்சத்தில் இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

ஒளித்து வைத்தால் போதாது. வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாத பரண் ஏது? பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில், முடிந்தால் வீட்டுக்கு வெளியே வையுங்கள். சாவி ஒருவர் இடுப்பில் இருக்கட்டும், ஆணியில் தொங்க வேண்டாம். உங்கள் மாவட்டத்திலேயே காட்டுமன்னார்கோயில் பக்கம், கிராமத்துக்குப் பொதுவான பெட்டகத்தில் மருந்துகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நான்கைந்து வீட்டார் சேர்ந்தால் நீங்களும் செய்யலாம். ஒரு தெளிப்புக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள், மிச்சத்தைச் சேர்க்காதீர்கள். எலி மருந்தும் தாத்தாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளும் இதே கணக்குதான்.

யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீரோ சாணிக் கரைசலோ ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நுரையீரலுக்குள் போய் அதுவே உயிரைப் பறிக்கும். 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மகன் முயற்சி செய்து பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டான். போலீஸ் கேஸ் ஆகுமா? இனி என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், கோவை

மருத்துவமனை போலீஸுக்குத் தகவல் சொல்லும், வாக்குமூலம் வாங்குவார்கள். தண்டனை கிடையாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. இந்தப் பயத்தில் டாக்டரிடம் ‘வயித்து வலி’ என்று மறைப்பவர்கள் உண்டு. என்ன சாப்பிட்டான் என்று தெரியாமல் மாற்று மருந்து கொடுக்க முடியாது.

வீடு திரும்பிய முதல் சில வாரங்களும் முதல் மூன்று மாதங்களும்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து இடங்களில் ஒரு எளிய முறையைச் சோதித்தது. முயன்றவரோடு ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு 1, 2, 4, 7, 11ஆம் வாரங்களிலும் 4, 6, 12, 18ஆம் மாதங்களிலும் தொடர்புகொண்டு விசாரித்தார்கள். அவ்வளவுதான். 18 மாத முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், இப்படித் தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம் பேர்தான். இந்த ஒன்பது தேதிகளையும் காலண்டரில் குறித்து வைத்து, அவனுக்குப் பிடித்த மாமாவோ பழைய டியூஷன் சாரோ கூப்பிட்டுப் பேசட்டும். டாக்டரைப் பார்ப்பதற்குப் பதிலாக அல்ல, அதோடு கூட.

சொந்தக்காரர்கள் வரிசையில் வந்து புத்தி சொல்வதைத் தயவுசெய்து வாசலிலேயே நிறுத்துங்கள்.

பதினாறு வயது மகளுக்கு மனச்சோர்வு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அதுவே தற்கொலை எண்ணத்தைத் தூண்டும் என்று இணையத்தில் படித்தேன். நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

நீங்களாக நிறுத்த வேண்டாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் அப்படி எச்சரித்தது உண்மைதான். சிறு சதவீதத்தினருக்கு, ஆரம்ப வாரங்களில் அல்லது அளவை மாற்றும்போது, அந்த எண்ணம் கூடலாம். நெருக்கமாகக் கவனியுங்கள் என்பதுதான் அதன் பொருள். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்பதால் முதல் மாதம் வாரம் ஒருமுறை டாக்டரைப் பாருங்கள். படபடப்பு, ஓரிடத்தில் உட்கார முடியாமை, தூக்கமே இல்லாமை தெரிந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே சொல்லுங்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், நோயும் திரும்பும். மாத்திரை அட்டை உங்களிடம் இருக்கட்டும். அன்றைக்கு உரியதை மட்டும் எடுத்து, தண்ணீரோடு அவள் கையில் கொடுங்கள்.