சத்தம் கூடினால் வேகம் கூடுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவிக்கும் குடும்பம். கல்லூரியில் படிக்கும் என் மகன் தன் 125 சிசி பைக்கில் சைலன்சரை மாற்றி, பந்தய ஸ்டிக்கர்கள் ஒட்டி, பின்னால் அகலமான டயரும் போட்டிருக்கிறான். படத்தைப் பார்த்த என் அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து ‘ரைசர்’ என்று ஒரே வார்த்தையில் கேலி செய்துவிட்டான். அரிசிக்கும் பைக்குக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கேலி நியாயம்தானா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: பார்வைக்குப் பந்தய வண்டியாகவும் ஓட்டத்தில் பழைய வண்டியாகவுமே இருக்கும் வாகனத்தை அமெரிக்காவில் அப்படிக் கேலி செய்வார்கள், அந்த ஒப்பனையைச் செய்தவரையும் அதே சொல்லால் அழைப்பார்கள். அந்தச் சொல் வந்த வழி கசப்பானது. ஹோண்டா நிறுவனம் 1959-இல் லாஸ் ஏஞ்சலிஸில் கால் பதித்த பிறகு ஜப்பானிய மோட்டார் சைக்கிள்கள் அந்த நாட்டில் பரவின. உள்நாட்டு வண்டிகளே உயர்ந்தவை என்று நம்பியவர்கள், வந்தவற்றை ‘ரைஸ் பர்னர்’, அதாவது அரிசியை எரித்து ஓடுபவை, என்று இகழ்ந்தார்கள். பின்னர் அந்த இகழ்ச்சி ஜப்பானியக் கார்களுக்கும் போயிற்று. 1990-களில் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஹோண்டா சிவிக் போன்ற சிறு கார்களை மாற்றியமைத்து ஓட்டிய இளைஞர்களில் ஆசிய வம்சாவளியினர் பலர் இருந்ததால், அது சுருங்கி ‘ரைசர்’ ஆகி, வண்டியிலிருந்து ஆளின் மேலும் ஏறிக்கொண்டது. ‘ரேஸ் இன்ஸ்பயர்டு காஸ்மெட்டிக் என்ஹான்ஸ்மென்ட்’ (பந்தய வண்டியைப் பார்த்துச் செய்த வெளி ஒப்பனை) என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே ‘ரைஸ்’ என்று சிலர் விளக்கம் சொல்வது, ஏற்கெனவே இருந்த சொல்லுக்குப் பிற்பாடு கட்டிய பொருளே.

அந்த இகழ்ச்சி பரவிய காலத்தின் சூழலையும் சொல்ல வேண்டும். ஜப்பானியக் கார்களால் தங்கள் வேலை போகிறது என்ற ஆத்திரம் அமெரிக்கக் கார்த் தொழிலின் மையமான டெட்ராய்ட் வட்டாரத்தில் கொதித்துக்கொண்டிருந்த 1982-இல், வின்சென்ட் சின் என்ற சீன வம்சாவளி இளைஞரை, கார்த் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த இருவர் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். அவர் ஜப்பானியர்கூட அல்லர். கொன்றவர்கள் அதற்காகச் சிறைத்தண்டனை அனுபவிக்கவில்லை. இன்று அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் எல்லோரும் வெறுப்போடு பயன்படுத்துகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் அக்கா மகன் இந்த வரலாற்றை அறியாமலே சொல்லியிருப்பார். ஆனால் ஒருவர் செய்த வெற்று ஒப்பனையைக் குறைசொல்ல ஓர் இனத்தின் சோற்றை ஏன் இழுக்க வேண்டும்? நெல்லை நம்பி வாழும் மண்ணிலிருந்து கேட்கும் உங்களுக்கு அது உறுத்துவது முற்றிலும் சரி.

பிரிட்டனில் இத்தகைய வெற்று ஒப்பனையை ‘கோ-ஃபாஸ்டர் ஸ்ட்ரைப்ஸ்’ என்பார்கள். வேகம் கூடட்டும் என்று வரைந்த கோடுகள் என்று பொருள். நம் ஊரில் ‘பில்டப்’, ‘சீன்’, ‘உதார்’, ‘வெத்துவேட்டு’ என்கிறோம். இவை செயலைச் சொல்கின்றன, செய்தவரின் பிறப்பைச் சொல்லவில்லை. உங்கள் மகனிடம் பேசும்போது இவற்றில் ஒன்றே போதும்.

கேலியில் உண்மை எவ்வளவு என்பது வேறு விஷயம். அலங்காரத்தில் குற்றமே இல்லை. மாட்டுப்பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசுகிறோம். மாடு அதனால் வேகமாக ஓடும் என்று யாரும் சொல்வதில்லை. அலங்காரத்தை ஆற்றல் என்று சொல்லி விற்பதும், அதை நம்பி வண்டியின் பாதுகாப்பைக் கெடுத்துக்கொள்வதும்தான் தவறு. அப்படி விற்கப்படும் இரட்டைக் குழாய் சைலன்சர் ஒன்றைக் கடையில் எடுத்துப் பார்த்தேன். மேல் வாயில் விட்ட ஈர்க்குச்சி உள்ளே போயிற்று. கீழ் வாயில் இரண்டு விரற்கடை ஆழத்திலேயே தகரத்தில் முட்டி நின்றது. அந்த வாய் வெறும் மூடி.

காருக்குப் பின்னால் இறக்கை போலப் பொருத்தும் ஸ்பாய்லரின் கதையும் இதுதான். காற்று அதை அழுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 120 கிலோமீட்டர் வேகத்தில் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் 40 கிலோமீட்டரில் கிடைக்கும். தஞ்சாவூர்க் கடைவீதியில் அது செய்யக்கூடியது எதுவுமில்லை. அதோடு, சிவிக் போன்ற கார்களில் எஞ்சின் சுழற்றுவது முன்சக்கரங்களை. பின்பக்கத்தை மட்டும் அழுத்துவதால் கிளம்பும்போது பிடிப்புக் கூடாது.

உங்கள் மகனின் அகலமான டயரை மட்டும் கொஞ்சம் கண்டிப்போடு கேளுங்கள். நிறுவனம் குறித்த அளவுக்கு மேற்பட்ட டயரைக் குறுகலான ரிம்மில் போட்டால் அது இரு பக்கமும் பிதுங்கி, நடுப்பகுதி உருண்டு, தரையில் படும் வடிவமே மாறிவிடும். கூடுதல் எடையைச் சுழற்ற எஞ்சின் உழைப்பதால் மைலேஜும் குறையும். அறுவடைக் காலத்தில் நெல்லும் வைக்கோலும் பரப்பிக் கிடக்கும் நம் சாலைகளில், திருப்பத்தில் வண்டி எப்படிச் சாயும் என்று தெரியாமல் ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

கேள்வி: சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றியதிலிருந்து ‘பிக்கப்’ கூடிவிட்டது என்று என் தம்பி சத்தியம் செய்கிறான். மெக்கானிக்கும் அதையே சொல்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. எப்படித் தெரிந்துகொள்வது? (கும்பகோணம் வாசகி)

பதில்: உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தோன்றும். நாம் வேகத்தைக் கண்ணால் மட்டுமன்றிக் காதாலும் அளக்கிறோம். சத்தம் குறைந்தால் மெதுவாகப் போவதாகவும், கூடினால் பறப்பதாகவும் மனம் எடுத்துக்கொள்ளும்.

சைலன்சர் சத்தத்தை அடக்கும் டப்பா மட்டுமன்று. அதன் குழாயின் நீளமும் விட்டமும் உள்தடுப்புகளும் அந்த எஞ்சினுக்கென்றே கணக்கிட்டவை. தடுப்பைப் பிடுங்கிவிட்டால் சிறிய எஞ்சின்களில் பெரும்பாலும் கீழ்வேக இழுவை குறையும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலின் விகிதம் குறைந்து, ஆக்சிலரேட்டரை விடும்போது படபடவென்று வெடிக்கும். 2020 ஏப்ரல் முதல் கட்டாயமான பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில், புகையில் எஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் சென்சார் இருக்கிறது. சாதாரண ஓட்டத்தில் அது காட்டுவதைப் பார்த்து, வண்டியின் கணினி பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பழைய விகிதத்துக்கே கொண்டுவந்துவிடும். கணினியில் எதையும் மாற்றாமல் சைலன்சரை மட்டும் மாற்றுவதால் சொல்லும்படியான ஆற்றல் கிடைக்காது.

ஏர் ஃபில்டரைப் பற்றி எனக்கு உண்மையாகவே கவலை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூம்பு ஃபில்டர், பெட்டிக்குள் அடங்கிய ஃபில்டரைப் போலன்றி, எஞ்சின் பக்கத்துச் சூடான காற்றையே இழுக்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதில் ஆக்சிஜனும் குறைவு. மலிவானவை மெல்லிய தூசியையும் உள்ளே விட்டுவிடும். அறுப்பு மெஷின்கள் வயல்களில் ஓடும் தை, மாசி மாதங்களில் நம் பகுதியின் காற்றில் எவ்வளவு தூசி பறக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அது சிலிண்டரின் உட்சுவரையும் பிஸ்டன் ரிங்குகளையும் தேய்த்துவிட்டால், இருந்த ஆற்றலும் போய்விடும்.

சோதிப்பதற்கு நம் சமவெளி மிக வசதியானது, ஏற்ற இறக்கம் குழப்பாது. ஆளில்லாத நேரான சாலையில், அதே ஆள், ஹெல்மெட் அணிந்து, டாப் கியரில் 40-இலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை விநாடி ஆகிறது என்று பின்னால் இருப்பவர் ஸ்டாப்வாட்சில் பார்க்கட்டும். காற்றின் பாரபட்சம் நீங்குவதற்காக இரு திசைகளிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். பிறகு கம்பெனி சைலன்சரையும் ஃபில்டரையும் பூட்டி, டயர் காற்றைச் சரிபார்த்து, மறுபடி ஓட்டுங்கள். அந்த விநாடிக் கணக்கைத் தம்பியே எழுதட்டும்.

வேகத்தின் மேல் அவருக்கு ஆசை இருந்தால், யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ நினைவுபடுத்துங்கள். 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான அந்த வண்டியில் 98 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், 11 குதிரைத்திறன். மெலிந்த எளிய வண்டிதான். கிளம்பினால் பெரிய வண்டிகளையும் பின்தள்ளிவிடும். ஆற்றலை வெளியே காட்டாத வாகனத்தை அமெரிக்கர்கள் ‘ஸ்லீப்பர்’ என்பார்கள். பிரிட்டனில் அதற்கு ‘க்யூ கார்’ என்று பெயர். முதல் உலகப் போரில் சரக்குக் கப்பல் போல வேடமிட்டுப் பீரங்கியை ஒளித்துச் சென்ற ‘க்யூ’ கப்பல்களிலிருந்து வந்தது அது. உங்கள் தம்பிக்குப் பிடிக்கக்கூடிய மரபு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: சத்தம் கூடுதலான சைலன்சருக்குச் சட்டம் என்ன சொல்கிறது? (திருத்துறைப்பூண்டி வாசகர்)

பதில்: 80 சிசிக்கு மேல் 175 சிசி வரை உள்ள இரு சக்கர வாகனங்கள் தயாராகும்போது 77 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182-ஏ பிரிவில் இடமுண்டு. வண்டி தந்தையின் பெயரில் இருந்தால் பொறுப்பு அவருடையது.

கேள்வி: மகன் மனம் மாறிவிட்டான். ஆனால் பழைய சைலன்சரை எடைக்குப் போட்டுவிட்டானே? (மயிலாடுதுறை வாசகர்)

பதில்: முதலில் எடைக்கு வாங்கியவரிடம் இன்னும் இருக்கிறதா என்று உடனே போய்க் கேளுங்கள். பிஎஸ்-6 வண்டியானால் சைலன்சரோடு, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் போயிருக்கும். அதில் பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருப்பதால் அது நெடுநாள் கடையில் தங்காது. கிடைக்காவிட்டால் அந்த மாடலுக்கும் அந்த ஆண்டுக்கும் உரிய கம்பெனி சைலன்சரையே வாங்குங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் மலிவான நகல்களில் கன்வெர்ட்டர் இருக்காது. பூட்டும்போது எஞ்சினோடு சேரும் இடத்தில் புகை கசியாமல் தடுக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து, அந்த இணைப்பில் புகைக்கரி படிகிறதா என்று பார்த்துவிட்டு, படியவில்லை என்றால் மட்டும் மெக்கானிக்குக்குப் பணம் கொடுங்கள்.