பின்னால் ஸ்பீக்கர் இல்லாமலே சரவுண்ட்: சவுண்ட்பார் கேள்வி பதில்

டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர் பெட்டிதான் சவுண்ட்பார். அதில், சத்தத்தைக் கற்றையாகச் சுவரில் அடித்து நம்மைச் சுற்றிலும் கேட்கவைக்கும் (அதுதான் சரவுண்ட்) ஒலிக்கற்றை வகையைத் தீபாவளிக்கு வாங்கலாமா என்று சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் பலர் கேட்டிருக்கிறீர்கள். எல்லாருக்கும் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கடைக்குப் போகும் முன் வீட்டுச் சுவரைப் பாருங்கள். பாதி வேலையைச் சுவர்தான் செய்கிறது.

அண்ணே, பெட்டி டிவிக்குக் கீழே இருக்கிறது. சத்தம் எப்படி முதுகுப் பக்கம் வருகிறது?

சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது தம்பி. பெட்டிக்குள் சின்ன ஸ்பீக்கர்கள் நெருக்கமாக இருக்கும். இந்த வகையில் யமஹாவின் பழைய மாடலான ஒய்எஸ்பி-1-இல் 40 இருந்தன, பாஸுக்கு, அதாவது கனத்த அடிச்சத்தத்துக்கு, தனியாக 2. எல்லாம் ஒரே நொடியில் ஒலித்தால் சத்தம் நேராகப் போகும். ஒன்றை அடுத்து ஒன்று துளி தாமதமாக ஒலித்தால், அலைகள் ஒன்றுகூடும் திசை பக்கவாட்டில் திரும்பிவிடும். 4 செ.மீ. இடைவெளியில் உள்ள ஸ்பீக்கர்களை வைத்து 45 பாகை திருப்ப, அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையே வேண்டிய தாமதம் நொடியில் லட்சத்தில் 8 பங்குதான்! எனக்கு இன்றும் வியப்பு தீராத கணக்கு இது.

சுவரில் பட்டுவரும் சத்தம் 6 மீட்டர் கூடுதலாகச் சுற்றினால் சுமார் 17 மில்லிநொடி பிந்தும். முன்பக்கச் சத்தத்தை அந்த அளவுக்குப் பிடித்துவைத்து, பெட்டியே சரிக்கட்டிவிடும்.

எங்களுடையது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. ஹாலின் வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் சமையலறைக்குத் திறந்திருக்கிறது. சரிப்படுமா?

இடப்பக்கம் சிரமம் அக்கா. போன கற்றை சமையலறைக்குள்ளேயே போய்விடும். டிவியை வேறு சுவருக்கு மாற்ற முடிந்தால், இரண்டு பக்கமும் சுவர் வருகிற மாதிரி மாற்றுங்கள். அப்புறம் ஒரு சோதனை. நீங்கள் வழக்கமான இடத்தில் உட்காருங்கள், பிள்ளையைக் கைக்கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் சவுண்ட்பார் தெரிகிற இடம்தான் பக்கக் கற்றை பட வேண்டிய இடம். அங்கே தடித்த திரையோ துணி அலமாரியோ இருந்தால் சத்தத்தை விழுங்கிவிடும். வெறும் சிமெண்ட் சுவர் அருமை.

தோட்டத்துப் பலகை வீடு, மேலே சிலிங் இல்லாமல் தகரம்தான். தலைக்கு மேலிருந்தும் சத்தம் கேட்கவைக்கும் அட்மோஸ் வேலை செய்யுமா?

மேலே அனுப்பும் சத்தம் சமமான, கெட்டியான சிலிங்கில் பட்டுத்தான் தலைக்கு மேலிருந்து வருவதுபோல் கேட்கும். சரிந்த தகரம் அதை வேறெங்கோ திருப்பிவிடும், அதற்கென்று காசைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். பலகைச் சுவர் கற்றையைத் திருப்பித்தான் தரும். ஆனால் இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். மழை கொட்டும்போது பின்பக்கத்து மெல்லிய சத்தங்கள் காதில் விழாது.

பாஸும் பின்னால் போகுமா?

போகாது. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே 3.4 மீட்டர், ஒரு மீட்டர்ப் பெட்டியால் அதைத் திருப்ப முடியாது. நல்லவேளையாக, பாஸ் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நம் காதுக்கும் அவ்வளவாகத் தெரியாது. பாஸுக்கான தனிப் பெட்டி, அதாவது சப்ஊஃபர், மூலையில் இருக்கட்டும்.

பழைய ஒய்எஸ்பி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

அறையை அளவெடுக்கும் மைக் உள்ள மாடல் என்றால், அந்த மைக் கூட வருகிறதா என்று கேளுங்கள். அதைச் சோபாவில் உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் வைத்து, காற்றாடியை நிறுத்திவிட்டு, எல்லாரும் வெளியே போய் நில்லுங்கள். சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஒய்எஸ்பி-1-இல் எச்டிஎம்ஐ கிடையாது, டிவியோடு ஆப்டிகல் கம்பியில் (ஒளிவழி ஒலியை அனுப்பும் கம்பி) இணைக்கலாம். டிவியின் ஒலி செட்டிங் 'பிசிஎம்' (PCM) என்று இருந்தால் இடம், வலம் என இரண்டு சேனல்தான் வரும், சரவுண்ட் வர 'டால்பி டிஜிட்டல்' (Dolby Digital) என்று மாற்றுங்கள். கடைக்காரர் ஓட்டிக் காட்டும்போது முன்பக்கத் துணிக்கு அருகில் காதை வைத்து இடமிருந்து வலம் மெதுவாக நகருங்கள். எங்காவது கரகரப்பு இருந்தாலோ ஒரு பகுதி ஊமையாக இருந்தாலோ கற்றை கலைந்துவிடும். வாங்காதீர்கள்.

அட்டையில் 'விர்ச்சுவல் சரவுண்ட்' என்று போட்ட சாதா சவுண்ட்பாரும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. பெரும்பாலும் அவை சுவரை நம்பாமல், இரண்டு காதுக்கும் போகும் சத்தத்தை மாற்றி மூளையை நம்பவைக்கும். நடுவில் உட்கார்ந்தவருக்கு நன்றாக இருக்கும், ஓரத்தில் இருப்பவருக்கு மாயம் கலைந்துவிடும். குடும்பமே உட்கார்ந்து பார்க்கிற வீடு என்றால், சுவரும் ஒத்துவந்தால், நான் கற்றை வகையைத்தான் சொல்வேன். சமையலறை திறந்த அக்கா மாதிரி வீடென்றால் பின்னால் இரண்டு தனி ஸ்பீக்கரோடு வரும் செட்டே மேல்.