காயம்பட்ட லயன்ஃபிஷ் (விஷ முட்கள் கொண்ட கடல் மீன்) ஒன்று கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? வாங்கினால் எப்படிப் பார்த்துக்கொள்வது?

வாங்கலாம், ஆனால் அது சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு. "ஒரு இறால் போட்டுக் காட்டுங்கள்" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பாய்ந்து விழுங்கினால் பேச்சைத் தொடரலாம். "காலையில்தான் சாப்பிட்டது" என்று மழுப்பினால் இன்னொரு நாள் வந்து பாருங்கள். துடுப்பு கிழிந்த லயன்ஃபிஷ் பிழைத்துக்கொள்ளும், பட்டினி கிடப்பதைத் தேற்றுவதுதான் பெரும்பாடு.

அடுத்து காயத்தைப் பாருங்கள். முட்களுக்கு இடையிலுள்ள சவ்வு மட்டும் கிழிந்திருந்தால் கவலையில்லை, வளர்ந்துவிடும். முறிந்த முள்ளும் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். துடுப்பு உடம்போடு சேரும் இடம் சிவந்திருந்தாலோ, அங்கே பஞ்சு போல வெள்ளையாகப் படர்ந்திருந்தாலோ விட்டுவிடுங்கள். ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் எங்கோ இடித்துக்கொண்டிருக்கலாம். இரண்டு கண்ணும் மங்கல் என்றால் தண்ணீரையோ நோயையோ சந்தேகிக்க வேண்டும். செவுள் படபடவென்று அடித்தாலும், கீழே இறங்க முடியாமல் மிதந்தாலும் வேண்டாம். ஆழத்திலிருந்து வேகமாக மேலே கொண்டுவரப்பட்ட மீன்களுக்குக் காற்றுப்பை பாதிக்கப்படுவது உண்டு.

மீன் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் தனித் தொட்டி தயாராக இருக்க வேண்டும். மணல் வேண்டாம், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய் போதும். நன்றாக ஓடிப் பழகிய ஃபில்டர், 24 முதல் 27 டிகிரி வெப்பம், 1.020 முதல் 1.025 வரை ஒப்படர்த்தி (தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு), அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். சாதாரணக் காயத்துக்குச் சுத்தமான தண்ணீரே பாதி மருந்து. ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால் மீன் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரைக் கேட்டு, இந்தத் தொட்டியில் மட்டும் போடுங்கள். பெரிய தொட்டியில் போட்டால் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகலாம். ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை உறிஞ்சிவிடும்.

புதிதாக வளர்ப்பவர்களை அலற வைக்கும் ஒரு விஷயம் உண்டு. உடம்பு முழுக்க மங்கலாகி, மெல்லிய ஏடு ஒன்று உரிந்து தொங்கும். கொஞ்ச நேரத்தில் மீன் வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டு, உடம்பை ஒரு உதறு உதறும். ஏடு கழன்று மிதக்க, கீழே பளபளவென்று புதுத் தோல். அது நோயில்லை, லயன்ஃபிஷ் தோலின் மேற்படலத்தை அவ்வப்போது உரித்துப் போடும். என்னிடமிருந்த மீன் இப்படிச் செய்தபோது, நானும் மருந்து பாட்டிலைத் தேடி ஓடியவன்தான்.

தீனிக்கு முதலில் சின்ன உயிர் இறால். அப்புறம் உறைந்த இறால், மீன் துண்டுகளை உருக வைத்து, அக்ரிலிக் குச்சியில் செருகி மூக்குக்கு முன்னால் லேசாக ஆட்டுங்கள். பக்கத் துடுப்புகளை விரித்து மெல்ல நெருங்கி, சட்டென்று உறிஞ்சிவிடும். துண்டு அதன் இரு கண்களுக்கு இடையிலுள்ள தூரத்தைவிடப் பெரிதாக வேண்டாம். வளர்ந்த மீனுக்கு வாரம் இரண்டு மூன்று முறை போதும். தங்கமீனைத் தீனியாக்கவே கூடாது. அதிலுள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கும், தொடர்ந்து தின்றால் ஈரலில் கொழுப்பும் சேரும்.

இனி உங்கள் கை. முதுகில் 13, அடியில் முன்னால் 2, பின்னால் 3 என்று விஷ முட்கள் இருக்கின்றன. விசிறி மாதிரி விரியும் பக்கத் துடுப்பில் விஷமில்லை. வலை போடாதீர்கள், முள் சிக்கி புதுக் காயம் வரும். ஒரு டப்பாவில் தண்ணீரோடு மொண்டு மாற்றுங்கள். குத்திவிட்டால், குத்திய இடத்தை 43 முதல் 45 டிகிரி வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள். சூட்டை நல்ல கையால் பார்த்துவிட்டு வையுங்கள், வலியில் வெந்துபோவது தெரியாது. மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனை.

கடைசியாக, அது எந்த வகை என்று கேளுங்கள். வாலிடன்ஸ் என்றால் 30 சென்டிமீட்டரைத் தாண்டும், 450 லிட்டர் தொட்டியாவது வேண்டும். வாய்க்குள் நுழையும் சின்ன மீன்களை விழுங்கிவிடும். துடுப்பைக் கடிக்கும் டிரிகர் மீனோ அதைப் பழையபடி கந்தலாக்கிவிடும். அவ்வளவு இடமில்லை என்றால் குள்ள வகை லயன்ஃபிஷ்ஷைக் கேட்டுப் பாருங்கள், 200 லிட்டரில் சமாளிக்கலாம்.